குளிரில் முதல் நிமிடம்

2025 ஜனவரி 11, சனி

வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. 2006இல் பதிவான போர்ஷ பாக்ஸ்டர். 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 240 குதிரைத்திறன், கையால் கியர் மாற்றும் வண்டி. ஸ்டுட்கார்ட்டில் நான் வேலைக்குப் போகும் எஸ்6 ரயில், சுஃபன்ஹவுசனில் போர்ஷ தொழிற்சாலையை ஒட்டித்தான் போகிறது. தினமும் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு என்றைக்காவது ஆசை வராமல் இருக்காது. புதுசு வாங்க வசதி இல்லாதவனுக்குப் பத்தொன்பது வயது வண்டி.

விற்றவரிடம் போனிலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன்: நான் வந்து சேரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. சரி என்றார். போய் சைலன்சர் முனையில் கை வைத்தால் சுட்டது. அழுக்கு வண்டியைக் காட்ட மனமில்லை, இப்போதுதான் கழுவிக்கொண்டு வந்தேன் என்றார். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் சொல்வதைச் சூடான எஞ்சின் சொல்லாது. சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்த அறிக்கை கையில் இருந்தது. சுவர்களில் கீறல் இல்லை. கேட்காமல் போன சத்தத்துக்காக விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கழித்தார். அந்த மறுபேச்சில்லாமையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் மைனஸ் 4 டிகிரி. வண்டி ராத்திரி முழுக்கத் தெருவில் நின்று நன்றாக விறைத்திருந்தது. சாவியைத் திருப்பினேன்.

வரிசையாகக் கேட்டவை இவை. முதல் இரண்டு மூன்று நொடி சடசடவென்று உலோகச் சத்தம். காது கொடுப்பதற்குள் போய்விட்டது. கூடவே பின்னாலிருந்து வேக்குவம் கிளீனர் ஓடுவதுபோல ஒரு நீண்ட ஊளை. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்றில் உறுமிக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் ஊளை பட்டென்று நின்றது, சுற்றும் இறங்கியது. அது நின்ற பிறகுதான் அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது: இடப்பக்கம் டிக் டிக் டிக் என்று ஒரு சன்னமான தட்டல். கிளம்பிப் போகும்போது இரண்டாயிரம் சுற்றை எட்டினால் ஜிர்ரென்று தகர அதிர்வு, தாண்டினால் இல்லை. திரும்பி வந்து நிறுத்தியபோது தட்டல் சுத்தமாக மறைந்திருந்தது. சைலன்சர் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிதானமாகக் கேட்கலாம் என்றால் முடியாது. ஜெர்மன் சாலைப் போக்குவரத்து விதியின் 30ஆம் பிரிவு, தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தமும் புகையும் கிளப்புவதைத் தடை செய்கிறது. குளிர்காலத்தில் சூடேற்றுகிறேன் என்ற சாக்கும் செல்லாது. கண்ணாடியிலுள்ள பனியைச் சுரண்டிவிட்டு, ஸ்டார்ட் செய்த கையோடு மெதுவாகக் கிளம்பிவிட வேண்டும். எஞ்சினுக்கும் அதுதான் நல்லது.

கீழ்வீட்டுப் பெரியவரின் ஜன்னல் திறந்து மூடியது. ஞாயிற்றுக்கிழமை வேறு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இங்கே விடுமுறை இல்லை. மாலையில் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். அக்கா மகன் வந்தான். பல்கலைக்கழகத்தின் ஃபைஹிங்கன் வளாகத்தில் மெக்கானிக்கல் முதுகலை படிக்கிறான். தட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே வண்டியைப் பற்றிக் கேட்டான். சத்தங்களைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"ஏனுங் மாமா, சிலிண்டர் கீறலா இருக்குமோ? இல்லீன்னா டைமிங் செயின் டென்ஷனருங். இடைத்தண்டு பேரிங் போச்சுன்னா எஞ்சினே போச்சுங்."

"கேமரா விட்டுப் பார்த்தாச்சு கண்ணு. பொங்கலைச் சாப்பிடு."

"அப்போ டிக் டிக்னு எதுக்குங் வருது?"

எதற்கு என்று அவனுக்குப் பதில் வேண்டும். எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் பட்டது: எப்போது நிற்கிறது? சத்தத்தின் சாயலை வைத்துத் தேடினால் நூறு நோய் கிடைக்கும். தட்டல் என்ற ஒன்றுக்கே டேப்பட்டிலிருந்து பேரிங்வரை பத்துக் காரணம் சொல்லலாம். ஆனால் எது எந்தக் கணத்தில், எந்த விதத்தில் நிற்கிறது என்று பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் நிற்பது வேறு. கம்ப்யூட்டர் நிறுத்தியதால் நிற்பது வேறு. உலோகம் சூடாகி விரிந்ததால் அடங்குவது வேறு. சூடான பிறகு கூடுகிற தட்டல்தான் நிஜமாகவே பயப்பட வேண்டியது. என் வண்டியில் அது குறைகிறது.

அவன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டாம் முறை பொங்கல் வாங்கிக்கொண்டான்.

ஜனவரி 15, புதன்

ஊளைக்கு விடை தெரிந்ததுதான். எழுதி வைத்தால் பையனுக்கு உதவும்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடான பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதுவரை எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் அப்படியே வெளியே போகும். நகரத்துக்குள் ஓடும் ஒரு நவீன பெட்ரோல் வண்டி கக்கும் எரியாத பெட்ரோலில் பெரும்பங்கு இந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் போவதுதான்.

ஐரோப்பியப் பரிசோதனையில் முன்பு ஒரு சலுகை இருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து 40 நொடி ஓடவிட்ட பிறகுதான் புகையைச் சேகரிப்பார்கள். 2000இல் யூரோ 3 வந்தபோது அந்த 40 நொடியை எடுத்துவிட்டார்கள். சாவியைத் திருப்பிய கணத்திலிருந்தே கணக்கு. 2002 முதல் மைனஸ் 7 டிகிரியில் தனியாக ஒரு சோதனையும் சேர்ந்தது.

எனவே கன்வெர்ட்டரை எப்படியாவது சீக்கிரம் சூடாக்கியாக வேண்டும். அதற்கு மூன்று வேலை செய்கிறார்கள். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தினால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். வீணாகும் வெப்பம் குழாய்க்குப் போகும். சுற்றைக் கூட்டினால் அந்த வெப்பம் இன்னும் கூடும். மூன்றாவது, மின் பம்ப் ஒன்று வெளிக்காற்றை எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில் ஊதும். எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு குழாய்க்குள்ளேயே எரியும். காற்று ஊதும் ஏற்பாடு அமெரிக்க வண்டிகளில் 1960களிலேயே உண்டு. இங்கே அது தெருத்தெருவாகக் கேட்கத் தொடங்கியதற்கு அந்த 40 நொடி போனது ஒரு பெரிய காரணம்.

ஆகவே அதிகாலை உறுமலும் ஊளையும் கோளாறு கிடையாது. சட்டம் போடச் சொன்ன சத்தம். கம்ப்யூட்டர் நிறுத்துவதால்தான் பட்டென்று நிற்கிறது. பட்டியலில் ஒன்றை அடித்துவிட்டேன். முதல் சில நொடிச் சடசடப்பையும் சேர்த்து அடித்தேன்: ராத்திரியில் எண்ணெய் கீழே வடிந்துவிடும், ஹைட்ராலிக் டேப்பட்டுகள் மறுபடி நிரம்பும்வரை சத்தம் போடும். அழுத்தம் வந்ததும் அடங்கிவிட்டது.

ஜனவரி 18, சனி

பையன் விடியற்காலையிலேயே வந்துவிட்டான். போனில் சத்தத்தைப் பதிவு செய்து, லேப்டாப்பில் அலைவரிசைப் படமாக விரித்துக் காட்டினான்.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். 1,200 சுற்றில் நொடிக்கு இருபது சுற்று. ஒரு சிலிண்டருக்குப் பத்து வெடிப்பு, ஆறுக்கும் சேர்த்து அறுபது. தட்டல் நொடிக்குப் பத்து. ஆக ஒரே ஒரு சிலிண்டரின் சமாசாரம்.

"ஒத்தைச் சிலிண்டர்லருந்து புகை லீக்குங் மாமா. சரியா வந்துருச்சு பாருங்க."

சரிதான், ஆனால் முழுசாக இல்லை. கேம் தண்டும் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஒரு டேப்பட் கெட்டிருந்தாலும் நொடிக்குப் பத்துத்தான் தட்டும். எண்ணிக்கை இரண்டையும் பிரித்துக் காட்டாது. சுமை பிரிக்கும். டேப்பட்டுக்கு எஞ்சின் பாரம் இழுக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயம் இல்லை. புகைக் கசிவுக்கு அதுதான் எல்லாம். பெட்ரோல் கூடுதலாக எரிந்தால் அழுத்தம் கூடும், தட்டல் ஓங்கும்.

அலுவலக நண்பர் வீட்டின் தனியார் முற்றத்துக்குக் கொண்டுபோய், ஆறவிட்டு, மதியத்துக்கு மேல் சோதித்தோம். பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை லேசாக விட்டேன். அவன் தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு துண்டைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் தலையை நீட்டினான். கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் கையை ஆட்டினான். தட்டல் ஓங்கியிருந்தது. இடப்பக்கம், கோடி.

இந்த வண்டியில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது என்பது ஒரு தொல்லை. முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம், பின்மூடியைத் திறந்தாலும் பெட்டி வைக்கும் இடம். எஞ்சின் நடுவில், இருக்கைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றும் வாய் மட்டும் பின்பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும். காதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

"குளிர்ல மட்டும் சத்தம் ஏனுங் அவ்வளவு கனமா இருக்குது? அதே குழாய்தானுங்களே?" என்று நேற்று போகும்போது கேட்டுவிட்டுப் போனான். நல்ல கேள்வி. காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒலியின் வேகம் வாயுவின் வெப்பத்தைப் பொறுத்தது. பூஜ்ய டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். 400 டிகிரியில் ஏறத்தாழ 520. குழாயின் நீளம் மாறாது, உள்ளே ஓடும் ஒலியின் வேகம் மாறுகிறது. ஆகவே குழாய் எந்த ஸ்வரத்துக்கு ஒத்து அதிர்கிறதோ, அது குளிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீழே இறங்கிவிடுகிறது. சைலன்சரின் அறைகளை வடிவமைப்பது சூடான ஓட்டத்துக்கு. குளிர்ந்த நிமிடத்தில் அடக்க வேண்டிய அலைகளை அது சரியாக அடக்காது. அதோடு தாமத ஸ்பார்க், கூடுதல் சுற்று. காலை உறுமலின் கனம் இவ்வளவுதான்.

சொட்டும் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான குழாயில் அது ஆவியாக வெளியேறும். குளிர்ந்த குழாயில் உள்ளேயே படிந்து தேங்கும். முதல் சில கிலோமீட்டரில் சைலன்சருக்குள் கொளக் கொளக்கென்று கேட்பதும், பின்னால் வெள்ளையாகப் புகைவதும் அதுதான். பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தினால் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கும். குறைந்த கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டி என்று பெருமையாக விற்பவர்கள், அந்தக் கிலோமீட்டர்கள் எத்தனை சிறு துண்டுகளாக ஓடின என்று சொல்வதில்லை.

ஜனவரி 22, புதன்

காலையில் ஒரு புதுக் காட்சி. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரு கொத்து நீலப்புகை. எண்ணெய் எரியும் வாடை. சில நொடியில் கலைந்துவிட்டது. மனைவி மாடி ஜன்னலிலிருந்து, "தீப்பிடிச்சிருச்சாங்க?" என்று கூப்பிட்டாள்.

நேற்று இரவு வழக்கமான இடம் கிடைக்கவில்லை. மேல்தெருவில், ஒரு சக்கரப் பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிறுத்தியிருந்தேன். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்தின் ஓரங்களில் ஏறிய ஊர். சமதளத்தில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கின்றன. தாழ்ந்த பக்கத்துச் சிலிண்டரில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் எண்ணெய் கசிந்து தேங்கும். காலையில் அது முதலில் எரியும். எப்போதாவது இப்படி வருவது படுத்த எஞ்சின்களின் சுபாவம்.

இதிலும் கேள்வி, எப்போது நிற்கிறது என்பதுதான். சில நொடியில் நின்றால் சாய்வு. ஓடும்போதும் மேகமாகக் கிளம்பிக்கொண்டே இருந்தால், எண்ணெயையும் காற்றையும் பிரிக்கும் கலம் கிழிந்திருக்கலாம். சாயங்காலம் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடி லேசாகத்தான் உள்ளே இழுபட்டது. கலம் கிழிந்திருந்தால் பிடுங்க முடியாதபடி இழுத்திருக்கும். பட்டியலில் புதிதாக எதுவும் சேரவில்லை.

ஜனவரி 25, சனி

பையன் கையடக்கமான ஒரு கருவியை வாங்கி வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்கள் போனில் வரும்.

ஆறு சிலிண்டர் இரு பக்கமாகப் பிரிந்திருப்பதில் ஒரு வசதி. இடப்பக்கத்துக்குத் தனி மேனிஃபோல்டு, தனி கன்வெர்ட்டர், தனி லாம்டா சென்சார், வலப்பக்கத்துக்கும் அப்படியே. ஒரே வண்டியில் நோயாளியும் ஆரோக்கியசாலியும் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

லாம்டா சென்சார் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும். பாஷ் நிறுவனம் 1976இல் உற்பத்திக்குக் கொண்டுவந்த பொருள். அந்த நிறுவனத்தின் தலைமையகமும் ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கெர்லிங்கனில்தான். மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் புகை வெளியே போவது மட்டும் நடக்காது. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தத்துக்கும் பின்னால் ஒரு வெற்றிட இழுப்பு வரும். அந்த இழுப்பில் வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பிக் கூடுதலாக ஊற்றும்.

வலப்பக்கத்தின் பெட்ரோல் திருத்தம் 2 சதவீதத்தைச் சுற்றி நின்றது. இடப்பக்கம் 9. சூடேறச் சூடேற இடப்பக்க எண்ணும் மெல்ல இறங்கியது, தட்டலும் இறங்கியது.

"மாமா, இனி சிலிண்டர் கீறல்னு சொல்ல மாட்டனுங்" என்றான். தட்டல் கதையை இத்தோடு முடித்துவிடலாம். மிச்சம் பட்டறையின் வேலை.

ஜனவரி 31, வெள்ளி

தெரிந்தவர் சொன்ன சிறு பட்டறை. மெக்கானிக் அம்மா, ஐம்பது வயதிருக்கும், பேச்சுக் குறைவு. வண்டியை நேற்று மாலையே விட்டுவிட்டு வரச் சொன்னார். காலையில் அவர்தான் முதலில் ஸ்டார்ட் செய்தார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினார். எதுவும் சொல்லவில்லை.

வண்டியைத் தூக்கி, சைலன்சர் முனையை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் உள்ளே வெண்புகையை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் இடப்பக்க மேனிஃபோல்டின் கோடியில் நூல் மாதிரி புகை கிளம்பியது. டார்ச் அடித்துக் காட்டினார்: கேஸ்கெட் ஓரத்தில் கரி கோலம் போட்டிருந்தது, அதை ஒட்டி இருக்க வேண்டிய போல்ட்டின் தலையே இல்லை.

காரணம் எளிமையானது. எஃகு மேனிஃபோல்டு, அலுமினிய ஹெட்டைவிடப் பல நூறு டிகிரி கூடுதலாகச் சூடாகிறது. 30 செ.மீ. எஃகு 300 டிகிரி கூடினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். நடுவில் இருக்கும் போல்ட்டுக்கு அது தெரியாது, கோடியில் இருப்பதுதான் முழு இழுப்பையும் தாங்கும். தினமும் இழுபட்டுத் தளரும். அதன் மேல் பத்தொன்பது குளிர்காலத்தின் சாலை உப்பு. அலுமினியத்தில் திருகிய எஃகு போல்ட்டுக்கு உப்புத் தண்ணீரைவிடப் பெரிய பகை இல்லை. போல்ட் ஒடிந்ததும் குளிரில் விளிம்பு விலகி நிற்கிறது, புகை தட்டிக்கொண்டு வெளியேறுகிறது. சூடானதும் விரிந்து அழுந்தி வாயை மூடிக்கொள்கிறது. விற்றவரின் வாசலில் கேட்காமல் போனது இதுதான்.

இரண்டாயிரம் சுற்றின் ஜிர்ரும் பிடிபட்டது. கன்வெர்ட்டருக்கு மேலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டில் ஒரு திருகின் ஓட்டை அரித்துப் பெரிதாகியிருந்தது. அந்தத் தகட்டின் சொந்த அதிர்வும் அந்தச் சுற்றும் ஒத்துப்போகிறபோது மட்டும் ஆடும். அகன்ற வாஷர் ஒன்று போட்டார், தீர்ந்தது.

பிப்ரவரி 5, புதன்

போல்ட்டை எடுத்த விதம் பார்க்க வேண்டியது. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டிருந்தார். காலையில், ஒடிந்து ஹெட்டுக்குள் நின்ற துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்தார். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி தளரும். சிவப்பு மங்கும்வரை காத்திருந்து, ஸ்பேனரைப் போட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி. நேராகத் தளர்த்தப் போனால் மறுபடி ஒடியும் என்றார். அவர் அன்றைக்குப் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

பிறகு மற்ற போல்ட்டுகளையும் விடவில்லை. ஒன்று ஒடிந்த இடத்தில் அடுத்தது வரிசையில் நிற்கும் என்பது அவர் கணக்கு. வலப்பக்கத்தையும் சேர்த்து எல்லாம் புதுசு, கேஸ்கெட்டும் புதுசு. விலையில் கழித்த பணம் போதாமலும் போகவில்லை, பெரிதாக மிஞ்சவும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

காலையில் மைனஸ் 2. ஸ்டார்ட் செய்தேன். சடசட, ஊளை, உறுமல். ஊளை நின்றது. அடியில் தட்டல் இல்லை. இடப்பக்க எண் 3 சதவீதத்துக்கு வந்திருந்தது.

கீழ்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். ரிப்பேர் செய்ததாகச் சொன்னீர்களே, சத்தம் அப்படியேதானே இருக்கிறது என்றார். கோபமில்லை, கணக்குக் கேட்கும் குரல். மறைந்த சத்தம் வேறு, மிச்சமிருப்பது காற்றைச் சுத்தமாக வைக்கும் சத்தம் என்று விளக்கினேன். ஜெர்மனியிலேயே மோசமான காற்று என்று பெயர் வாங்கிய நெக்கார்டோர் சந்திப்பு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 2019இல் பழைய டீசல் வண்டிகளுக்கு நகரத்தில் தடையே வந்தது. ஊர்க் காற்றுக்காகத்தான் இந்த ஒரு நிமிடம் என்றேன்.

"எனக்குக் காற்றும் வேண்டும், தூக்கமும் வேண்டும்" என்றார்.

நியாயம்தான். ஃபோர்ட் நிறுவனமே 2018 மஸ்டாங்கில் காலையில் சத்தத்தை அடக்கி ஸ்டார்ட் செய்யும் வசதியை வைத்து, நேரத்தைக்கூட முன்பே அமைத்துக்கொள்ளலாம் என்று விற்றது. அண்டைவீட்டார் தொல்லை உலகம் முழுக்க ஒன்றுதான். அந்த வண்டிகளில் சைலன்சருக்குள் கதவு திறந்து மூடும். என்னுடையதில் அது இல்லை. சனி ஞாயிறுகளில் எட்டு மணிக்கு முன் எடுப்பதில்லை, முந்தின இரவே தெருக்கோடியில் பேக்கரிப் பக்கம் நிறுத்திவிடுவது என்று ஒப்புக்கொண்டேன். தலையை ஆட்டினார். அந்த ஊளை எங்கிருந்து வருகிறது என்று பிறகு குனிந்து பார்த்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் தகுதிச் சோதனை. தேறிவிட்டது. 2018 முதல் பழைய வண்டி, புது வண்டி எதற்கும் சைலன்சர் முனையில் குழாய் விட்டு அளந்தே ஆக வேண்டும் என்பது விதி. அளந்தார்கள். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் அளப்பார்கள்.

யோசித்தால் வேடிக்கை. புது மாடலுக்கு அனுமதி தரும்போது குளிர்ந்த நிமிடத்தில் பரீட்சை வைக்கிறார்கள். பிறகு தெருவில் ஓடும் காலம் முழுக்கச் சூட்டில் மட்டுமே பார்க்கிறார்கள். ஒடிந்த போல்ட்டோடு போயிருந்தாலும் அந்தச் சூட்டில் இந்த வண்டி தேறியிருக்கக்கூடும். குளிர்ந்த நிமிடத்தைக் கேட்கும் வேலை சொந்தக்காரன் தலையில்தான் விழுகிறது. கீழ்வீட்டுக்காரர் தலையிலும்.

பிப்ரவரி 15, சனி

பையனின் வகுப்புத் தோழன் ஒருவன் பழைய வண்டி பார்க்கப் போகிறானாம். என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னான். எழுதினேன்.

சில நொடியில் அடங்கும் சடசடப்பு: எண்ணெய், விட்டுவிடு. பட்டென்று நிற்கும் ஊளை: பம்ப், விட்டுவிடு. சூடேறச் சூடேற மெல்ல மங்கும் தட்டல்: மேனிஃபோல்டு, விலை பேசு. ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் அதிரும் தகரம்: வெப்பத் தகடு, சிரித்துக்கொள். நீண்ட ஓட்டத்தில் காணாமல் போகும் கொளகொளப்பு: தண்ணீர். சூடான பிறகு கூடும் தட்டல்: நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

படித்துவிட்டு அவன் கேட்டான்: "ஊளையே கேக்கலீன்னா, இன்னும் நல்ல வண்டிங்களா மாமா?"

இல்லை. பம்ப் வைத்த வண்டி உறைபனியில் ஊளையில்லாமல் கிளம்பினால், ஃப்யூஸ் போயிருக்கும், ரிலே போயிருக்கும், அல்லது தண்ணீர் புகுந்து பம்ப்பே இறுகியிருக்கும். சீக்கிரத்தில் எஞ்சின் விளக்கும் எரியும். என் வண்டியும் ஒருநாள் காலையில் அப்படி அமைதியாகக் கிளம்பலாம். அன்றைக்குக் கீழ்வீட்டுப் பெரியவர் மகிழ்ச்சியாக இருப்பார். நான் பட்டறை அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பேன்.